செட்டிநாட்டு வீட்டில் பிரசங்க ஒலிப்பதிவுத் தொழில் நடத்த முடியுமா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் இருந்தபடி, பிரசங்கமும் வேதாகம வாசிப்பும் குடும்பமாகப் பதிவுசெய்து கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் மைக் வாங்கும் முன் அறையைப் பாருங்கள்.

வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், பதிவுசெய்யவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்புபவை. எதிரொலி குரலோடு கலந்துவிட்டால் எந்த மென்பொருளும் முழுசாகப் பிரிக்காது. வளவையொட்டிய சிறு அறையில் ஜமுக்காளம் விரித்து, பேசுபவரின் முதுகுப் பக்கமும் இருபுறமும் இலவம்பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை.

டைனமிக் மைக் (அருகில் பேசும் குரலையே பெரிதும் பிடிக்கும் வகை) போதும். வாயிலிருந்து 10–15 செ.மீ. தள்ளி, சற்றுச் சாய்வாக வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வெடிக்கும். பதிவு மென்பொருளில் தர அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அதன் ஒலி அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் எர்த்தைச் சோதிக்க வேண்டும். பதிவு முடிந்த பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியை மென்பொருளில் வெட்டி, மோனோ (ஒற்றைத் தடம்) 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி.

பழைய பிரசங்க கேசட்டுகளை மாற்றித் தருவதும் நல்ல வேலை. 60 நிமிட கேசட் 60 நிமிடம் ஓடியே தீரும், கட்டணத்தை மணிக்கணக்கில் சொல்லுங்கள். பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தும் ஒலி மந்தமென்றால் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமுத் திருகைத் திருப்பிப் பாருங்கள்.

வேதாகம மொழிபெயர்ப்பை வாசித்து விற்பதானால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்து அனுமதி வாங்குங்கள். பாடல் வரியை அனுமதியின்றிப் பயன்படுத்த, எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும். மெட்டுக்கு உரிமை தனி.