அமெரிக்க காங்கிரஸின் கணக்குப்பிள்ளைகள்: சி.பி.ஓ. வேலை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மசோதாக்களுக்குச் செலவு மதிப்பிடும் காங்கிரஷனல் பட்ஜெட் ஆபீஸ் (சி.பி.ஓ.) அதிபரின் கீழ் வருகிறதா? கட்சி சாராமல் இருப்பது நடக்கிற காரியமா?

அதிபருக்குக் கணக்குப் போடுவது ஓ.எம்.பி. என்ற வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகம். சி.பி.ஓ. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மட்டும் உரியது. காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தைச் செலவிடாமல் அதிபர் நிக்சன் நிறுத்திவைத்தார். அந்தச் சண்டையில் பிறந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதை உருவாக்கியது. 1975 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. முதல் இயக்குநர் ஆலிஸ் ரிவ்லின். இப்போது சுமார் 275 பேர் இருக்கிறார்கள். இயக்குநரின் பதவிக்காலம் 4 ஆண்டு. காங்கிரஸின் இரு அவைகளில் எதுவும் தீர்மானம் போட்டு அவரை நீக்கலாம். ஆகவே சட்டம் தரும் பாதுகாப்பு பெரிதாக ஒன்றுமில்லை.

கட்சி சாராமையைக் காப்பாற்றுவது வேறொரு வழக்கம்: பரிந்துரை செய்வதே இல்லை. "இந்தத் திட்டம் வேண்டும்", "கூடாது" என்று அறிக்கையில் ஒரு வரிகூட இருக்காது. பற்றாக்குறையைக் குறைக்கும் வழிகளைத் தொகுத்துத் தரும்போதும், ஒவ்வொன்றுக்கும் ஆதரவான வாதம், எதிரான வாதம் இரண்டையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கேள்வி: ஒரு மசோதாவுக்குச் செலவு மதிப்பீடு போடுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் மசோதாவையும், அது திருத்தும் மூலச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். "வழங்க வேண்டும்" என்பதற்கும் "வழங்கலாம்" என்பதற்கும் நடுவே பல கோடி டாலர் கிடக்கும். பத்திரிகைக் குறிப்பையோ, மசோதா கொண்டுவந்தவரின் பேச்சையோ நம்பிக் கணக்குப் போடக் கூடாது. சட்டத்தில் எழுதியிருப்பதற்குத்தான் விலை.

அடுத்து, பணம் எந்த வகை என்று பிரிக்க வேண்டும். சட்டமே நேரடியாகச் செலவைக் கட்டாயப்படுத்துகிறதா, அல்லது அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு ஆண்டுதோறும் வரும் ஒதுக்கீட்டு மசோதாவுக்குக் காத்திருக்கிறதா? பின்னதில் அந்த மசோதாவால் மட்டும் பற்றாக்குறை கூடுவதில்லை. புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். வருமான வரி மாற்றங்களைக் கணக்கிடுவது காங்கிரஸின் வரிவிதிப்புக்கான கூட்டுக் குழு. அந்த எண்ணைத்தான் சி.பி.ஓ. எடுத்தாள வேண்டும்.

பிறகு எண்ணிக்கை. கற்பனைக்கு ஓர் உதவித்தொகை: தகுதியுள்ளவர் 10 லட்சம் பேர், தலைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர். 100 கோடி என்று எழுதிவிடாதீர்கள். தகுதியிருந்தும் பலர் விண்ணப்பிக்க மாட்டார்கள். 60 சதவீதம் பேர் வருவார்கள் என்றால் 60 கோடி. விதிகள் எழுத 9 மாதம் ஆகும் என்றால் முதல் ஆண்டில் அதில் கால் பங்குதான். இந்தத் தொகை வருமானமாகக் கணக்கில் சேர்ந்தால் சிலருக்கு உணவு உதவி குறையும். அந்தச் சேமிப்பையும் கழிக்க வேண்டும். இதற்காகத் துறை அதிகாரிகளையும் மாநில அலுவலர்களையும் தொலைபேசியில் பிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

மதிப்பீட்டு அட்டவணையில் நட்சத்திரக் குறி இருந்தால், தொகை பெரும்பாலும் 5 லட்சம் டாலருக்குள் என்று பொருள்.

கேள்வி: 50 கோடி ஒதுக்கும் மசோதாவுக்கு 5 ஆண்டில் 31 கோடிதான் செலவு என்று காட்டுகிறார்களே, மீதி எங்கே?

ஒதுக்கீடு வேறு, கஜானாவிலிருந்து பணம் வெளியேறுவது வேறு. கட்டுமான மானியம் ஆண்டுக்கு 10 கோடி வீதம் 5 ஆண்டு என்று வையுங்கள். டெண்டர், வேலை, பில் என்று இழுக்கும். ஒவ்வோர் ஒதுக்கீடும் 10, 30, 30, 20, 10 சதவீதமாக 5 ஆண்டில் கரைந்தால், வெளியேறும் தொகை முதல் ஆண்டில் 1 கோடி, பிறகு 4, 7, 9, 10. கூட்டினால் 31 கோடி. மீதி 19 கோடி 6 முதல் 9ஆம் ஆண்டு வரை போகும். நீங்கள் பார்த்த மசோதாவின் கரைவு வேகம் வேறாக இருக்கலாம்; கணக்கின் போக்கு இதுதான். சம்பளச் செலவென்றால் பெரும்பகுதி அதே ஆண்டில் போய்விடும்.

கேள்வி: பேஸ்லைன் என்றால் அடுத்த 10 ஆண்டுக்கான ஆருடமா?

இல்லை. நடப்புச் சட்டம் அப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும் என்று காட்டும் ஒப்பீட்டுக் கோடு. மசோதாவின் செலவு என்பது அந்தக் கோட்டிலிருந்து விலகும் தூரம். கோடு நகர்ந்தால் செலவும் மாறும். 2017 வரிச் சட்டத்தில் தனிநபர் சலுகைகள் பெரும்பாலும் 2025 முடிவில் காலாவதியாகும்படி எழுதப்பட்டிருந்தன. எனவே பேஸ்லைனில் 2026 முதல் வருவாய் ஏறியது; நீட்டித்தால் அது புதுச் செலவு. 2025இல் அந்த நீட்டிப்பைச் சட்டமாக்கியபோது செனட், "ஏற்கெனவே இருக்கும் சலுகைதானே, நீட்டிப்புக்கு ஏன் செலவு?" என்று வேறு கோட்டை வைத்துக்கொண்டது. வழக்கமான கோட்டின்படி அந்தச் சட்டம் 2025–2034 காலத்தில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று சி.பி.ஓ. சொன்னது. எண்ணைக் கேட்பவர் முதலில் கோட்டைக் கேட்க வேண்டும்.

கேள்வி: மக்கள் நடத்தை மாறுவதை இவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லையாமே?

பழைய பழி, தவறான பழி. சிகரெட் வரி ஏறினால் விற்பனை குறையும் என்பது வழக்கமான மதிப்பீட்டிலேயே உண்டு. மாறாமல் வைப்பது நாட்டின் மொத்த உற்பத்தி போன்ற பேரளவுகளை. அவற்றையும் மாற்றிப் போடும் கணக்கு தனி. பெரிய மசோதாக்களுக்கு, நேரம் இருந்தால்.

கேள்வி: கணிப்பு எவ்வளவோ முறை பொய்த்திருக்கிறதே?

பொய்த்திருக்கிறது. 2001 ஜனவரியில், 2002–2011 காலத்தில் 5.6 லட்சம் கோடி டாலர் உபரி என்றார்கள், வந்தது பற்றாக்குறை. ஆனால் வரிக்குறைப்பும் போர்ச் செலவும் பிறகு வந்த சட்டங்கள். அந்தப் பங்கைக் கணிப்பின் பிழையில் சேர்ப்பது நியாயமில்லை. மந்தநிலையைக் காணாததைத் தாராளமாகச் சேர்க்கலாம். அதனால்தான் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மாற்றத்தைச் சட்டத்தால் வந்தது, பொருளாதாரத்தால் வந்தது, மற்றக் காரணங்களால் வந்தது என மூன்றாகப் பிரித்து வெளியிடுகிறார்கள். ஒபாமா கால மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் 2016இல் 2 கோடிக்கும் மேற்பட்டோர் சேர்வார்கள் என்றது அசல் பிழை. வந்தவர் சுமார் பாதி. வேலை தரும் நிறுவனங்கள் காப்பீட்டைக் கைவிடும் என்று எதிர்பார்த்த அளவுக்குக் கைவிடவில்லை.

கேள்வி: உறுப்பினர் ஒருவர் இன்னும் வெளியிடாத மசோதாவுக்கு எண் கேட்டால்?

கொடுக்கலாம், ரகசியமாக வைக்கப்படும், எதிர்க்கட்சிக்குப் போகாது. மசோதா பொதுவெளிக்கு வந்துவிட்டால் மதிப்பீடு எல்லாருக்கும் ஒன்றே.

கேள்வி: சி.பி.ஓ.வில் வேலைக்கு எம்.ஏ. பொருளியல் முடித்தால் போதுமா?

பட்ஜெட் பிரிவுக்குப் பொருளியலிலோ பொதுக்கொள்கையிலோ முதுநிலை பொருந்தும். பேரினப் பொருளாதாரம், வரி, மருத்துவ மாதிரிகளுக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம். எக்ஸலில் சூத்திரத்துக்குள் எண்ணை நேரடியாகத் திணிக்காமல், ஒவ்வோர் அனுமானத்தையும் தனிக் கட்டத்தில் வைத்துப் பழகுங்கள். வாக்கெடுப்புக்கு முந்தைய இரவு திருத்தம் வரும்போது அதன் அருமை தெரியும். கட்சி வேலையில் ஈடுபட விருப்பமுள்ளவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

கேள்வி: இந்திய நாடாளுமன்றத்துக்கு இப்படி ஓர் அலுவலகம் உண்டா?

கிடையாது. செலவு உண்டாக்கும் மசோதாவுடன் நிதிக் குறிப்பு இணைக்க வேண்டும் என்று மக்களவை விதி 69 சொல்கிறது. அரசு மசோதா என்றால் அந்தக் குறிப்பு, மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சகத்திலிருந்தே வருகிறது.