இன்வெர்ட்டர் பேட்டரியை எலக்ட்ரானிக் லோடு வைத்துச் சோதிப்பது எப்படி?

கேள்வி: அனுப்பானடியில் வீடு. 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி, வாங்கி மூன்று வருஷம். இரண்டு ஃபேன், நாலு லைட்டுக்கு ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. கடையில் டெஸ்டர் வைத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். 150 வாட் எலக்ட்ரானிக் லோடு (நாம் வைக்கும் அளவில் பேட்டரியிலிருந்து கரண்டை இழுத்துப் பார்க்கும் கருவி) கையில் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

பதில்: கடையில் வைத்தது சில விநாடி இழுத்துப் பார்க்கும் டெஸ்டர். வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்று பார்க்க அது போதும். ஃபேன் எத்தனை மணி ஓடும் என்று அது சொல்லாது.

டிஸ்டில்டு வாட்டர் குறைந்திருந்தால் முதலில் ஊற்றிவிட்டு முழு சார்ஜ் போடுங்கள். சார்ஜுக்குப் பிறகு ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) பொய் சொல்லும். ஆறு செல்லிலும் 1.240க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இன்வெர்ட்டர் வயரைக் கழற்றி மூன்று மணி நேரம் விடுங்கள்.

லோடில் வைக்க வேண்டியது: மாறாத கரண்ட் முறை, 7.5 ஆம்பியர், கட்-ஆஃப் (லோடு இழுப்பதை நிறுத்தும் அளவு) 10.5 வோல்ட். 150 ஏ.எச். என்பது 20 மணி நேரக் கணக்கு, 150ஐ 20ஆல் வகுத்தால் 7.5. சுமார் 90 வாட், உங்கள் லோடு தாங்கும். ஆனால் அத்தனையும் சூடாகத்தான் வெளியேறும். சித்திரை வெயிலில் மூடிய மாடி அறையில் வைக்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது சென்ஸ் வயரில், அதாவது லோடு வோல்ட்டை அளக்கும் தனி வயரில். 2.5 சதுர மி.மீ. வயர், போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றாலே 0.1 வோல்ட் வயரில் போய்விடும். லோடு அதைப் பேட்டரியின் இறக்கமாக எடுத்துக்கொண்டு முன்னாலேயே நிறுத்திவிடும். இரண்டு சென்ஸ் வயரையும் நேராக பேட்டரி முனையிலேயே மாட்டுங்கள். பாசிட்டிவ் முனையை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்: லோடுக்குள் கரண்டை இழுக்கும் மாஸ்ஃபெட் எரிந்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் நிற்கும். முனை மாற்றிக் கொடுத்தாலும் அதே கதி.

மொத்த ஏ.எச். மட்டும் பார்க்காமல் அரை மணிக்கொரு தடவை வோல்ட் குறித்து வையுங்கள். நல்ல பேட்டரி 12.5இல் தொடங்கி நிதானமாக இறங்கும்; 11.5க்குக் கீழேதான் வேகமாகச் சரியும். 16 மணி நேரம், அதாவது 120 ஏ.எச். தாண்டினால் இன்னும் வைத்துக்கொள்ளலாம். கோளாறு இன்வெர்ட்டரிலோ வயரிங்கிலோ இருக்கும். 12இல் நின்றது சில நிமிடத்தில் 10.5க்கு விழுந்து லோடு நின்றுவிட்டால் ஒரு செல் போச்சு. ஹைட்ரோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும்.

முடிந்த கையோடு சார்ஜில் போடுங்கள், காலியாகக் கிடந்தால் சல்பேட் படியும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு முந்தின நாள் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் சில லோடுகளில் அதுவரை எண்ணிய ஏ.எச். அழிந்துவிடும், பாதி காலியான பேட்டரிக்குச் சார்ஜும் ஏறாது.