ஜப்பானில் சாமுராய் ஆட்சி சரிந்த காலத்துப் பிரபுக்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

ஹயாஷி தாதாதகா. ஜோசாய் என்ற குட்டி நாட்டின் பிரபு. இன்றைய சிபா மாகாணத்தில், கிசராசு பக்கம் இருந்தது அது. வருஷ விளைச்சல் 10,000 கோகு. ஒரு கோகு என்றால் ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி, சுமார் 150 கிலோ. அதற்குக் கீழே போனால் டைம்யோ, அதாவது நாடாளும் பிரபு, என்ற தகுதியே கிடையாது.

ஆனால் பெரிய பிரபுக்களுக்கும் கிடைக்காத ஒரு மரியாதை அந்த வீட்டுக்கு இருந்தது. பின்னாளில் ஜப்பானை ஆண்ட டோகுகவா குலம் போக்கிடமில்லாமல் அலைந்த நாளில், ஹயாஷியின் முன்னோர் ஒருவர் பனியில் முயல் வேட்டையாடி, அவர்களுக்குப் புத்தாண்டுக்குச் சூப் வைத்துக் கொடுத்தாராம். அதை டோகுகவாக்கள் மறக்கவில்லை. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அவர்கள் கோட்டையில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் முயல் சூப் வைத்தார்கள். ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், தந்த முதல் கிண்ணம் சாகே என்ற அரிசி மது ஹயாஷி வீட்டுக்குத்தான்.

1867-ல் கடைசி ஷோகன் யோஷினோபு ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்தார். அடுத்த வருஷமே டோகுகவா தரப்புக்கும் பேரரசரின் புது அரசுக்கும் போர். டோகுகவா உப்பைத் தின்று வளர்ந்த பிரபுக்கள் பலர் புது அரசின் பக்கம் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், குடிகளைக் காப்பாற்ற வேண்டுமே.

ஹயாஷிக்கு அப்போது 19 வயது. சொந்த ஊரில் இருந்துகொண்டு எதிர்த்தால் படை வந்து வயலை மிதிக்கும். அதனால் நாட்டையும் பதவியையும் தானே உதறிவிட்டு, சுமார் 70 வீரர்களோடு கிளம்பினார். அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போவது சாமுராய்க்குப் பெரிய குற்றம். இங்கே அதைச் செய்தவர் பிரபுவே!

ஹகோனே மலையில் சண்டையிட்டுத் தோற்றார். அப்புறம் கப்பலேறி வடக்கே போனார். டோகுகவா வீடு அழியாமல் தொடரும் என்று தெரிந்ததும் செண்டாயில் சரணடைந்தார். அவர் போரிட்டதே அதற்காகத்தானே. புது அரசு ஜோசாயை அடியோடு பறித்தது. அந்தப் போருக்காக அப்படி மொத்தமாக ஒழிக்கப்பட்ட நாடு அது ஒன்றுதான். ஊரில் தங்கிவிட்ட வீரர்களின் பிழைப்பும் அதோடு போனது. அவர் எடுத்த முடிவில் என்னை இன்றும் உறுத்துவது இந்த ஓர் இடம்தான்.

மற்ற முன்னாள் பிரபுக்கள் டோக்கியோவில் பட்டத்தோடு வாழ்ந்தார்கள். இவர் மண்வெட்டி பிடித்தார், டோக்கியோ அரசு அலுவலகத்தில் சின்ன வேலை பார்த்தார், ஹகோடாடேயில் ஒரு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தார், ஒசாகாவில் குமாஸ்தாவானார். 1893-ல்தான் குடும்பத்துக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது, அதுவும் பழைய வீரர்கள் விடாமல் அலைந்ததால்.

1941 ஜனவரியில், 92 வயதில் இறந்தார். டைம்யோவாக இருந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். சாகும் முன் கவிதை எழுதி வைப்பது சாமுராய் வழக்கம். படுக்கையில் கிடந்தவரிடம் அதைக் கேட்டார்கள். “மெய்ஜி முதலாம் ஆண்டிலேயே எழுதிவிட்டேன், இப்போது ஒன்றும் இல்லை” என்றாராம். மெய்ஜி முதலாம் ஆண்டு என்றால் 1868, ஊரை விட்டுக் கிளம்பிய அந்த வருஷம்.