காட்டைப் பார்க்க யாரிடம் காசு கொடுப்பது?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு மசினகுடிக்குப் போனோம். ‘பிரைவேட் ஜீப் சஃபாரி, புலி நிச்சயம்’ என்று சொல்லி விடுதிக்காரரே ஒரு ஜீப்பை ஏற்பாடு செய்தார். 3,500 ரூபாய். ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். மான், மயில், தூரத்தில் ஒரு யானை, அவ்வளவுதான். ஊர் திரும்பும்போதுதான் தெப்பக்காட்டில் வனத்துறையே வண்டி விடுகிறது என்று தெரிந்தது. நாங்கள் போனது காட்டுக்குள்தானா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் போனது பெரும்பாலும் காட்டை ஒட்டிய பொதுச்சாலையாகத்தான் இருக்கும். உங்கள் சொந்தக் காரிலேயே பகலில் போய் வரக்கூடிய சாலை அது. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் சஃபாரி போக வேண்டுமென்றால் வனத்துறையிடம் டிக்கெட் வாங்கி, அவர்கள் ஏற்றிவிடும் வண்டியில்தான் போக முடியும். தெப்பக்காட்டில் வரவேற்பு மையம் இருக்கிறது, காப்பகத்தின் இணையதளத்திலும் முன்பதிவு உண்டு. காலையும் மாலையும் வண்டி கிளம்பும்.

புலி விஷயத்துக்கு வருவோம். 2022 கணக்கெடுப்பின்படி முதுமலையில் 114 புலிகள். காப்பகத்தின் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். சுற்றுலா வண்டிகளுக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் திறந்திருக்கிறது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக் கூடாது என்று 2012-லேயே தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்துவிட்டது. இருபது வருடம் அங்கே வேலை பார்க்கும் வேட்டைத் தடுப்புக் காவலரே ‘இன்றைக்குப் புலி வரும்’ என்று சொல்ல மாட்டார். வனத்துறை டிக்கெட்டும் உங்களுக்குத் தருவது ஓர் இருக்கையும் உள்ளே போக அனுமதியும்தான். விலங்கைக் காட்டுகிறேன் என்று யார் விலை பேசினாலும், தன் கையில் இல்லாத சரக்கைத்தான் விற்கிறார்.

இதையும் சொல்லியாக வேண்டும்: மசினகுடி ஜீப் ஓட்டுநர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அந்த ஊரில் பல குடும்பங்களுக்கு ஜீப்தான் சோறு போடுகிறது. ‘சார், இது வெளிச்சாலைதான், காப்பகத்துக்குள் போக முடியாது, ஆனால் எங்கே என்ன நிற்கும் என்று எனக்குத் தெரியும்’ என்று உண்மையைச் சொல்லி அழைத்துப் போகிறவருக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். புதருக்குள் அசையாமல் நிற்கும் காட்டெருதை நம் கண்ணால் பிடிக்க முடியாது, அவர் கண்ணுக்குப் படும். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் தவறு, அதைச் சஃபாரி என்று சொன்னதிலும் புலிக்கு உத்தரவாதம் கொடுத்ததிலும்தான்.

இரவு சஃபாரி என்று யாராவது அழைத்தால் மட்டும் போகவே போகாதீர்கள். ஸ்பாட்லைட் அடித்துக்கொண்டு அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓட்டுநர் மேல் மட்டுமல்ல, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் மேலும் வழக்கு வரலாம். சட்டத்தை விடுங்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் பகுதி, யானைகள் காலங்காலமாக நடந்துபோகும் வழி. வழித்தடத்தை மறித்து நிற்கும் விடுதிகளை அகற்ற வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதற்கு மூன்றே மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காது கருகிய அந்த யானை செத்துப்போனது. இரவில் அங்கே நாம் செலவழிக்கும் பணம் யாரை வளர்க்கிறது என்று யோசிக்காமல் அறை பதிவு செய்ய என்னால் முடியவில்லை. விடுதிக்கு முறையான உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

சரி, பணம். வாட்ஸ்அப்பில் ‘புலி நிச்சயம்’ என்று அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள். யூபிஐ ரசீதும் விடுதி பில்லும் இருந்தால் போதும். முதலில் விடுதிக்கே எழுத்தில் கேளுங்கள், பதில் சொல்ல 15 நாள் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நடுவில் நின்று பேசிப் பார்ப்பார்கள். சின்னத் தொகைகள் பலவும் அந்தக் கட்டத்திலேயே வந்துவிடும். வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டிலேயே வழக்குப் போடலாம், ஊட்டிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். 3,500 ரூபாய்க்கு இவ்வளவா என்று தோன்றும். எனக்குக் கேட்டால் 1915 வரையாவது போங்கள்.

கேள்வி: பந்திப்பூர் பக்கத்தில் ஒரு தனியார் ரிசார்ட்டில் இரண்டு சஃபாரி சேர்த்து பேக்கேஜ் எடுத்திருந்தோம். 2025 நவம்பரில் சஃபாரியை நிறுத்திவிட்டார்கள். ‘அரசு உத்தரவு, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, பணம் திரும்பாது’ என்கிறது ரிசார்ட். நியாயமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: பாதி நியாயம். அந்த அக்டோபர், நவம்பரில் மைசூரு மாவட்டக் கிராமங்களில் புலி தாக்கி அடுத்தடுத்து உயிர்கள் போயின. காட்டோரம் வேலை பார்த்த எளிய மனிதர்கள். புலியைத் தேடிப் பிடிக்க ஆளும் வண்டியும் வேண்டும் என்று பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் கர்நாடக அரசு சஃபாரியை நிறுத்தியது. அதற்காக ரிசார்ட் மேல் பழி போட முடியாது.

ஆனால் கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இல்லை. அறையில் தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், அதற்கான தொகை அவர்களுடையது. சஃபாரிக்கான தொகை உங்களுடையது. சிக்கல் என்னவென்றால் பேக்கேஜில் எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுவதில்லை. சஃபாரிக்கு வனத்துறையோ அரசு நிறுவனமோ வாங்கும் கட்டணம் இணையத்தில் கிடைக்கும். அதை ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். ‘பணம் திருப்பித் தரப்படாது என்ற நிபந்தனையே அநியாயம்’ என்று வழக்குப் போட்டால் அது நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வகைக்குள் போய்விடும், அதை மாநில ஆணையம்தான் விசாரிக்கும். அதனால் ‘சேவைக் குறைபாடு’ என்றே எழுதுங்கள். சேலம் மாவட்ட ஆணையத்திலேயே முடியும்.

அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன்பே அறை, சாப்பாடு, சஃபாரி மூன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். காடு மூடும் காலங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூணாறுக்கு மேலே இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக மூடிவிடுவார்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் பல காப்பகங்களில் திடீரென்று சவாரி நிற்கும்.

கேள்வி: ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்துத் தர ஒருவர் 200 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். இ-பாஸ் இலவசம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை இருக்கிறது. தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் கைபேசி எண்ணும் வண்டி எண்ணும் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையே இல்லை. 2025 ஏப்ரல் முதல் சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வந்துவிட்டதால், அறைக்குப் பணம் கட்டும் முன் பாஸை எடுத்துவிடுங்கள். அறை இருந்து பாஸ் இல்லாமல் போனால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம், அங்கிருந்து மைசூரு போவதாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதை வழியாகப் போகலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் 2022 பிப்ரவரி முதல் கார்களுக்கு இதே நேரம்தான், லாரிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தே தடை.

கேள்வி: மகளை வேடந்தாங்கல் அழைத்துப் போக பைனாகுலர் வாங்க வேண்டும். ஆன்லைனில் 90x90 என்று 1,800 ரூபாய்க்கு இருக்கிறது. கடைக்காரர் 8x42 காட்டி ஏழாயிரம் சொல்கிறார். எண் பெரிதாக இருப்பதுதானே நல்லது?
- ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: கடைக்காரர் சொன்னதையே வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 90x90 என்பது உண்மையாக இருந்தால் முன்கண்ணாடி ஒவ்வொன்றும் ஒன்பது சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், தோளில் மாட்ட முடியாது. 90 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 90 மடங்காகும், ஸ்டாண்ட் இல்லாமல் ஒரு கொக்கைக்கூடப் பார்க்க முடியாது. அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண், அவ்வளவுதான்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் அதிகாலையிலும் அந்தியிலும் நம் கண்மணி விரிந்திருக்கும், அதற்கு இந்த அளவு வேண்டும். சட்டைப்பையில் போகும் 10x25 வகையில் 2.5 தான் வரும். நடுப்பகலில் சரி, விடிகாலையில் இருட்டடிக்கும்.

கடையில் சோதிப்பது சுலபம். கை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் உள்ளே நல்ல பட்டகம் (ப்ரிஸம்). ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் மட்டம். தெருவுக்கு எதிரே இருக்கும் பெயர்ப்பலகையைப் படியுங்கள், எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். முன்கண்ணாடியில் செக்கச்செவேலென்று பூச்சு அடித்தவை வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுபவராக இருந்தால், அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை கண்ணின் இடைவெளிக்கு மடங்குகிறதா என்று மகள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். நான் முதலில் 10x50 வாங்கி, ஒரு மணி நேரத்தில் கழுத்து வலித்து, அதைக் காரிலேயே வைத்துவிட்டு நடந்திருக்கிறேன். 8x42 கனமும் தாங்கும்.

நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். கரையில் நின்றாலே கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைக்குத்தி நாரை எல்லாம் மரம் மரமாக உட்கார்ந்திருக்கும். ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு, பைனாகுலரை அவளிடம் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: தேக்கடியில் படகுச் சவாரியா, மூங்கில் தெப்பமா? எதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது? அம்மாவுக்கு 68 வயது.
- ஒரு வாசகர், தேனி

பதில்: அம்மாவுக்குப் படகு. தெப்பத்துக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும், ஏறி இறங்க வேண்டும். படகில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிய பிறகு கழற்ற விடாதீர்கள், யானை தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடும்போது நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். 2009 செப்டம்பர் 30-இல் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

உங்களுக்கு நடக்கத் தெம்பு இருந்தால் இன்னொரு நாள் தனியாக வந்து தெப்பத்தில் போங்கள். பெரியாறு காப்பகத்தின் சூழல் சுற்றுலாத் திட்டங்களை நேரடியாக வனத்துறையிடமே பதிவு செய்யலாம், குமுளித் தெருவில் கூவி விற்பவர்களிடம் வேண்டாம். வழிகாட்டிகளாக வருகிறவர்களில் சிலர் ஒரு காலத்தில் அதே காட்டில் திருட்டுத்தனமாக வயனா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்தவர்கள், வேட்டைக்குப் போனவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் வனத்துறை அவர்களோடு பேசி, வழக்கிலிருந்து மீட்டு, காட்டுக்குக் காவலாக நிறுத்தியது. எந்தக் கிளை முறிந்தால் யார் போயிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறது. மழைக்காலமாக இருந்தால் அட்டைக்கு முழங்கால் வரை வரும் துணிக் காலுறை கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.