கடைசிப் பிரதி யாருக்கு?

அந்த அம்மா உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து கடன் விண்ணப்பப் படிவத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தார். மகளின் மதிப்பெண் பட்டியல் அப்புறம்தான் வந்தது. பக்கத்தில் அப்பா, பேசாமல். மூன்றாவது நாற்காலியில் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிற மகள், மடியில் ஒரு நோட்டு.

"எங்க அண்ணன் சொல்றார் சார், இப்ப செயற்கை நுண்ணறிவு படிக்கலைன்னா வேலையே கிடையாதாம். பேர் பெற்ற பல்கலைக்கழகம், இடமும் கிடைச்சிடுச்சு. வீட்டுப் பத்திரத்தை வச்சாத்தான் பணம் புரளும். இவ என்னடான்னா டேட்டாபேஸ்தான் பிடிச்சிருக்குங்கறா. அது கணக்குப்பிள்ளை வேலை மாதிரின்னு அவ மாமா சொல்றார்."

கொஞ்ச நேரம் ஆறுதலாகத்தான் பேசினேன். இந்த வயதில் எல்லா வீட்டிலும் வருகிற குழப்பம்தான், பதறாதீர்கள் என்றெல்லாம். அப்புறம் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பள்ளி நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற பதிவேட்டை அவள் தானாக மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறாள். புத்தகத்துக்கு ஒரு அட்டவணை. அதன் பிரதிகளுக்கு இன்னொரு அட்டவணை, அதில் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரி. உறுப்பினருக்கு ஒன்று, யார் எந்தப் பிரதியை எப்போது எடுத்தார் என்பதற்கு ஒன்று. புத்தகம் வேறு, பிரதி வேறு என்று பிரித்திருந்தாள் பாருங்கள், அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஒரே புத்தகத்தின் ஐந்து பிரதிகளில் ஒன்று கிழிந்துபோனால் கிழிந்தது எது என்று சொல்ல இந்தப் பிரிப்பு வேண்டும். வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆனவர்கள்கூட இதைக் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு கேள்வி: "கடைசிப் பிரதியை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால்?"

இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நான் பல வருடம் கிளையண்ட்-சர்வர் நிரல் எழுதியவன்: மேசைக் கணினிகள் கேட்கும், சர்வர் என்கிற பொதுக் கணினி பதில் சொல்லும். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு கிடங்குக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்தோம். திரையில் இருக்கும் நிரல் சர்வரிடமிருந்து இருப்பைப் படிக்கும், தன் பக்கத்திலேயே கழித்துக்கொள்ளும், விடையைத் திருப்பி எழுதும். ஒருவர் உட்கார்ந்து சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. கிடங்கில் நிறைய பேர் உட்கார்ந்ததும் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் 10 என்று படிக்கிறார்கள். ஒருவர் 3 கழித்து 7 என்று எழுதுகிறார். மற்றவர் 2 கழித்து 8 என்று அதன் மேலேயே எழுதுகிறார். போனது 5, பதிவானது 2. திரை 8 என்கிறது, அலமாரியில் 5தான் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஒருவர் மேல் திருட்டுச் சந்தேகம் வந்த பிறகுதான் தவறு எங்கள் நிரலில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே அந்த அப்பா அம்மாவிடம் நேராகவே சொன்னேன்: இந்தக் கடனை வாங்காதீர்கள்.

காரணம் கேட்டார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த பாடத்திட்டத்தைப் பிரித்துக் காட்டினேன். நான்கு வருடத்தில் தரவுத்தளத்துக்கு, அதாவது இவள் சொல்கிற டேட்டாபேஸுக்கு, ஒரே ஒரு தாள். இந்தப் பெண்ணுக்கு எதில் கை போகிறதோ அதற்கு ஒரே ஒரு பருவம். மீதி வருடங்களுக்கு வீட்டை அடகு வைப்பதில் என்ன நியாயம்? பட்டத்தின் பெயரில் புதுச் சொல் இருப்பதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள், அவ்வளவுதான். கட்டணம் குறைந்த, ஆசிரியர்கள் ஒழுங்காக வகுப்புக்கு வருகிற ஒரு சாதாரணக் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தால் போதும். அங்கேயும் அதே அல்காரிதம், அதே இயங்குதளம், அதே தரவுத்தளத் தாள்தான்.

பணம் பற்றி எல்லாப் பெற்றோரிடமும் ஒன்று கேட்பேன். அந்தக் கல்லூரியில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவரைப் பற்றி விளம்பரத்தில் போடுகிறார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிறவர் எவ்வளவு வாங்குகிறார்? அதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். கடனின் மாதத் தவணை அந்த நடுச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போனால் அந்தப் படிப்பு வேண்டாம். இந்தக் கணக்கில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது பிள்ளைக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் போய்விடும். கிடைத்த முதல் வேலையில் கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான்.

இனி மாமாவின் வாதம். தரவுத்தளம் பழையது என்கிறார். பழையதுதான். ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட், தரவை அட்டவணைகளாகப் பார்க்கலாம் என்று கட்டுரை எழுதியது 1970இல். அதன் மேல், தரவுத்தளத்தோடு பேசுகிற எஸ்க்யூஎல் மொழியின் முதல் வடிவம் வந்தது 1974இல். இடையில் எத்தனையோ மொழிகள் வந்து போயின. 90களில் டெல்ஃபியிலும் பவர்பில்டரிலும் திரை செய்தவர்கள் இன்று வேறு கருவிகளில் செய்கிறார்கள். அன்று மேசைக் கணினி நேராக சர்வரோடு பேசியது. இன்று கைப்பேசி பேசுகிறது, நடுவில் இன்னொரு சர்வர் உட்கார்ந்திருக்கிறது. கேட்கிறவன் ஒருவன், பதில் சொல்கிறவன் ஒருவன் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. கீழே எஸ்க்யூஎல்லும் இருக்கிறது. ஐம்பது வருடம் நின்ற ஒரு திறமையைப் பழையது என்று தள்ளுவதைவிட, ஏன் நின்றது என்று யோசிக்கலாம்.

"அந்தக் குவெரியை எல்லாம் இப்ப ஏஐயே எழுதிடுமே" என்று அப்பா முதல்முறையாக வாய் திறந்தார். நல்ல கேள்வி, மழுப்பக் கூடாது. குவெரி என்பது எஸ்க்யூஎல்லில் தரவுத்தளத்தைக் கேட்கிற கேள்வி; அதை ஏஐ எழுதும். நான்கு பெட்டி வைத்த படிவம், சேமி என்று ஒரு பொத்தான், இந்த மாதிரி வேலையை மட்டும் நம்பி வருகிறவர்களுக்கு இடம் குறைகிறது. அதைத்தான் உங்கள் மகள் செய்யப் போகிறாள் என்றால் நானே வேண்டாம் என்பேன். ஆனால் "போன மாதம் எத்தனை வாடிக்கையாளர்?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர் கணக்கில் சேர்வாரா? ஒரே ஆள் இரண்டு எண்ணில் பதிந்திருந்தால்? நள்ளிரவைத் தாண்டி நடந்த விற்பனை எந்த மாதம்? இயந்திரம் பிழையில்லாத ஒரு குவெரியை நொடியில் எழுதும், அது தவறான எண்ணையும் தரும். அந்த எண்ணைப் பார்த்து "இது இப்படி வராதே" என்று சொல்ல, தரவு எங்கே பிறந்து எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்த ஒருவர் வேண்டும்.

அந்த வேலையைத்தான் நான் சொல்கிறேன். பெயர்கள் பலவாறு இருக்கும்: தரவுத்தள டெவலப்பர், பேக்எண்ட் டெவலப்பர், டேட்டா எஞ்சினியர், டிபிஏ (தரவுத்தள நிர்வாகி). பெயரை விடுங்கள். நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்று பாருங்கள்.

காலையில் ஒரு பக்கம் திறக்க இருபது விநாடி ஆகிறது என்று புகார் வரும். குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் என்று போட்டு ஓட்டுவார்கள். சர்வர் அந்த வேலையை எந்த வழியில் செய்தது, எங்கே எவ்வளவு நேரம் போனது என்று வரி வரியாகக் காட்டும். பத்து லட்சம் வரிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருக்கும். சரியான பத்தியில் (அட்டவணையின் நெடுக்கு வரிசையில்) ஒரு இண்டெக்ஸ், புத்தகத்தின் பின்னால் இருக்கிற சொல்லடைவு மாதிரி, போட்டால் மூன்று நான்கு பக்கங்களைப் புரட்டி அதே வரியை எடுத்துவிடும். எல்லாப் பத்திக்கும் இண்டெக்ஸ் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டும், எழுத்து மெதுவாகிவிடும். எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில்தான் ஆளின் தரம் தெரியும்.

மதியம், ஓடிக்கொண்டிருக்கிற அமைப்பை நிறுத்தாமல் ஒரு அட்டவணையின் வடிவத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை. முதலில் புதுப் பத்தி சேர்த்து, பழையதிலும் புதியதிலும் சேர்த்து எழுதி, பழைய வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் பழையதை எடுப்பார்கள். மாலையில் பேக்கப்பிலிருந்து ஒரு பிரதியை வேறு கணினியில் மீட்டெடுத்துப் பார்ப்பார்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பி ஏமாந்தவர்கள் இந்தத் துறையில் நிறைய.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இரவில் போன் வரும். வேலை நன்றாக நடந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, ஒரு மணி நேரம் நின்றால் எல்லோருக்கும் தெரியும். காட்டிப் பெருமைப்பட அழகான திரை கிடையாது. ஆரம்பத்திலேயே தரவுத்தளம் மட்டும் என்று வேலை கிடைப்பதும் அபூர்வம். முதல் இரண்டு மூன்று வருடம் சாதாரண டெவலப்பராகச் சேர்ந்து, யாரும் தொட விரும்பாத மெதுவான குவெரிகளைத் தானாகக் கேட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். பொறுமை இல்லாத பிள்ளையை இதில் தள்ளாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஓவியத்திலோ விளையாட்டு நிரலிலோ மனம் இருந்தால் இந்தக் கட்டுரையைக் காட்டி வற்புறுத்தவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அந்த மாமாவுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

கற்கச் செலவு? இணைய இணைப்பும் ஒரு பழைய மடிக்கணினியும் போதும். எஸ்க்யூலைட் என்கிற சின்னத் தரவுத்தள மென்பொருள் இலவசம், இன்று கிட்டத்தட்ட எல்லா ஸ்மார்ட்போனுக்குள்ளும் அது இருக்கிறது. அதில் தொடங்கி ஒரு மாதத்தில் போஸ்ட்கிரெஸ் என்கிற பெரிய தரவுத்தள மென்பொருளுக்கு வந்துவிடலாம். 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டத்தின் வாரிசு அது, அதுவும் இலவசம்தான். அதோடு வருகிற கையேடு எந்தப் பயிற்சி மையத்தின் குறிப்பையும்விட நல்லது. சான்றிதழ் வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். வேலைக்குப் போன பிறகு நிறுவனம் கேட்டால், நிறுவனமே கட்டட்டும்.

கடைசியில் அந்தப் பென்சில் கேள்விக்கு வந்தோம். என் மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸைத் திறந்து, இரண்டு கறுப்பு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் அம்மா, ஒன்றில் மகள். அவள் நோட்டில் இருந்த பிரதி அட்டவணையையே உருவாக்கி, 7ஆம் எண் பிரதி உள்ளே இருக்கிறது என்று பதிந்தோம். இருவரும் பிகின் கொடுத்து, ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பான டிரான்சாக்‌ஷனைத் தொடங்கினார்கள். "7ஆம் பிரதி உள்ளே இருந்தால் வெளியே என்று மாற்று" என்ற ஒரே கட்டளையை இருவருக்கும் தட்டிக் கொடுத்தேன்.

அம்மா முதலில் என்டர் தட்டினார். அப்டேட் 1 என்று வந்தது, ஒரு வரி மாறியது என்று அர்த்தம். மகள் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. கர்சர் அப்படியே நின்றது. "உறைஞ்சு போச்சா?" என்றார் அம்மா. இல்லை, காத்திருக்கிறது. அந்த வரி இப்போது உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் முடிவு சொல்லும் வரை அவளால் அதைத் தொட முடியாது என்றேன். அம்மா கமிட் கொடுத்து மாற்றத்தை உறுதி செய்த அதே நொடியில் மகளின் ஜன்னலில் பதில் விழுந்தது: அப்டேட் 0. வரி கிடைத்தது, ஆனால் அதற்குள் பிரதி வெளியே போயிருந்தது. ஆகவே மாற்ற எதுவும் இல்லை. புத்தகம் அம்மாவுக்கு.

மகள் சிரித்தாள். அந்த அம்மா மட்டும் 0 என்ற அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத்தான் இவ ராத்திரி எல்லாம் யோசிச்சிட்டு இருந்தாளா?" என்று கணவரிடம் கேட்டார்.

கடன் படிவத்தைத் திரும்பக் கைப்பையில் வைத்தார்கள். கிழிக்கவில்லை, நானும் கிழிக்கச் சொல்லவில்லை. வேறு இரண்டு கல்லூரிகளின் பெயர்களையும், அங்கே கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். மனைவியின் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று அப்பா கேட்டார். தவணைக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள், அதில் பாதியைத் தான் கட்டுவதாக அவர் சொன்னால் அப்புறம் பேசலாம் என்றேன்.

நான்கு நாள் கழித்து மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீட்டிலேயே இரண்டு ஜன்னல் திறந்து பார்த்தாளாம். "சார், முதல் ஆள் கமிட் கொடுக்காமலே எழுந்து போயிட்டா ரெண்டாவது ஆள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?" எதுவும் அமைக்காவிட்டால் முடிவே இல்லாமல் காத்திருப்பார் என்று பதில் போட்டேன். அதை மாற்றுகிற அமைப்புகள் ஒன்றுக்கு மேல் உண்டு, கையேட்டில் தேடு, கண்டுபிடித்ததும் எனக்கு எழுது என்றும் சேர்த்தேன்.