மஞ்சளானதும் யூரியாவைத் தூக்காதீர்கள்

வெயில் ஏற ஏற நர்சரிக்கு வருகிறவர்களும் சரி, இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களும் சரி, புல்லைப் பற்றியே கேட்கிறார்கள். அதனால் ரோஜா, முருங்கை, மாடித்தோட்டக்காரர்கள் எல்லாம் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை புல்தரை மட்டும்.

வீட்டு முன்னால் 300 சதுர அடியில் மெக்சிகன் புல் போட்டிருக்கிறோம். தினமும் காலை, மாலை தண்ணீர் தெளிக்கிறோம். போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. புல் மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. யூரியா போட்டோம், இன்னும் மோசமாகிவிட்டது. மண்ணில் அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, நீலாங்கரை

முதலில் ஒரு கொத்துப் புல்லைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் அம்மா. அடியில் இருக்கும் பழைய இலை மஞ்சளாகி, நுனியில் வரும் புது இலை பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. அதற்குத்தான் யூரியா. புது இலை வெளிறி, பழைய இலை பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மெக்சிகன் புல்லின் இலை ஊசிமாதிரி இருப்பதால் நரம்பு எளிதில் தெரியாது. கூர்ந்து பார்த்தால் மஞ்சள் இலையில் நீளவாக்கில் மெல்லிய பச்சைக் கோடு தெரியும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை. உப்பும் காரமும் ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நிலைமையில் யூரியா போட்டால் புல் வேகமாக வளரும்; வளர்ந்த இலைக்கெல்லாம் இரும்பு போதாமல் இன்னும் வெளிறும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

உரக்கடையில் ஃபெரஸ் சல்ஃபேட் கேளுங்கள். அன்னபேதி என்றாலும் புரியும். வெளிர் பச்சையாக, கல் கல்லாக இருக்க வேண்டும். பழுப்பேறிப்போயிருந்தால் வாங்காதீர்கள், அதில் பலன் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் படும்படி தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. டைல்ஸிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. பட்ட இடத்தை உடனே கழுவிவிடுங்கள்.

இது தற்காலிகப் பச்சைதான். மூல காரணம் நீங்கள் தண்ணீர் விடும் விதம். தினமும் இரண்டு வேளை தெளித்தால் மேல்மண் அரை அங்குலம் நனையும். வெயிலில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் அங்கேயே தங்கும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பூப்பு அதுதான். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே நிற்கும். ஒரு நாள் மோட்டார் ஓடவில்லை என்றால் துவண்டுவிடும். ஆகவே தெளிப்பதை நிறுத்திவிட்டு, இடைவெளி விட்டுப் பாய்ச்சுங்கள். விடியற்காலையில் செய்வது நல்லது. நாலைந்து காலி டப்பாக்களைப் புல்லின்மேல் அங்கங்கே வைத்து, அதில் அரை அங்குலம் நிற்கும்வரை விடுங்கள். உங்கள் பக்கம் மணல் மண், அதனால் ஒரே மூச்சில் அதிகம் விட்டால் வேரைத் தாண்டி இறங்கிவிடும். கோடையில் வாரத்துக்கு மூன்று முறை, மற்ற நாளில் இரண்டு முறை போதும். 300 சதுர அடிக்கு ஒரு அங்குலத் தண்ணீர் என்றால் சுமார் 700 லிட்டர். அரை அங்குலத்துக்கு 350. இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பாருங்கள்.

ஐப்பசி மழை வந்ததும் மொட்டை மாடிக் குழாயில் இறங்கும் தண்ணீரைப் புல்தரைப் பக்கம் திருப்பிவிடுங்கள். உப்பைக் கரைத்துக் கீழே இறக்க அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று சிலர் புல்லில் விடுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, அதை விடாதீர்கள். ஏசி தண்ணீர் தாராளமாக விடலாம்.

தோட்டக்காரர் மாதம் ஒரு முறை வந்து வெட்டுகிறார். வெட்டிய மறுநாளே தரை முழுக்க வைக்கோல் நிறமாகிவிடுகிறது. மறுபடி பச்சையாவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடுகிறது.
— வாசகர், திருச்சி

தப்பு பாதி அவருடையது, பாதி உங்களுடையது. கொடுத்த காசுக்கு நன்றாக ஒட்ட வெட்டச் சொல்கிற வீட்டுக்காரர்கள்தான் அதிகம். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே சமயத்தில் எடுக்கக் கூடாது. ஒன்றரை அங்குலத்தில் வைக்க நினைத்தால் இரண்டேகால் அங்குலம் வந்ததும் வெட்டியாக வேண்டும். மாதம் ஒரு முறை வந்தால் அதற்குள் கணுக்கால் உயரம் வந்திருக்கும். மேலே இருக்கும் பச்சை முழுவதும் போய், உள்ளே வெயில் படாத பழுப்புத் தண்டுதான் மிஞ்சும். நீங்கள் பார்க்கும் வைக்கோல் அதுதான்.

மாதக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை. மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தம். அப்போது இடைவெளி விடலாம். அப்புறம், வெட்டிய மறுநாள் ஒரு இலை நுனியைப் பாருங்கள். கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தால் சரி. நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் மெஷின் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடிக்கச் சொல்லுங்கள். நைலான் கயிறு சுற்றும் மெஷின் வரப்போரப் புல்லுக்குத்தான் சரி, புல்தரைக்கு வேண்டாம்.

எங்கள் நாய் சிறுநீர் கழிக்கும் இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கருகிவிடுகிறது.
— வாசகி, குனியமுத்தூர், கோவை

அதில் தழைச்சத்து மிக அதிகம். கருகிய வட்டத்தைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் இருக்கிறதா பாருங்கள். ஓரத்தில் அளவாகப் பட்ட இடத்தில் அதுவே உரமாகிறது. நாய் போன உடனே ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் கொட்டினால் கருகாது. அல்லது ஒரு மூலையில் மணல் கொட்டி அங்கே பழக்கிவிடுங்கள்.

கோரை பிடுங்கி மாளவில்லை. பிடுங்கப் பிடுங்க அதிகமாகிறது. மருந்து உண்டா?
— வாசகி, கும்பகோணம்

மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டும்தான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் ஒன்றோடொன்று கோத்த மாதிரி நிற்கும், ஒன்றை விட்டால் அது முளைக்கும். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள், மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தை ஓரமாகச் செருகி நெம்பி, கிழங்கோடு எடுங்கள். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள். காயவைத்து எரித்துவிடுங்கள். கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் கோரையோடு உங்கள் புல்லும் போய்விடும்.

இதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: போன மழைக்குப் பிறகு லாரி மண் இறக்கினீர்களா? பல வீடுகளில் கோரை வந்து சேர்வது அப்படித்தான். மண் இறக்கும்போது ஒரு கூடையை மட்டும் சலித்துப் பாருங்கள். கறுப்பாக, நிலக்கடலைப் பருப்பு அளவில் கிழங்கு சிக்கினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள், வண்டிக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள். மக்காத சாணியும் அப்படித்தான். களை விதையும் வண்டுப் புழுவும் இலவசம்.

மாமரத்தடியில் மூன்று முறை புல் வாங்கிப் போட்டுவிட்டோம். வரவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், சேலம்

வராது. பாதி நிழல் என்றால் பஃபலோ புல் தாக்குப்பிடிக்கும். அடர்ந்த நிழலில் அதுவும் நிற்காது. அந்த இடத்தில் சரளைக்கல்லைக் கொட்டிக் கயிற்றுக் கட்டிலைப் போடுங்கள்.

புல் திட்டுத் திட்டாகக் காய்கிறது. கையால் இழுத்தால் பாய் சுருட்டுவதுபோல் வேரில்லாமல் வருகிறது. மைனாக்கள் வேறு கொத்திக் கிளறுகின்றன.
— வாசகர், தாராபுரம்

மைனாவை விரட்டாதீர்கள், அது உங்கள் வேலையைத்தான் செய்கிறது. காய்ந்த திட்டின் ஓரத்தில், பச்சையும் பழுப்பும் சேருமிடத்தில், ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டிப் பாருங்கள். வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட, தலை பழுப்பான புழுக்கள் இருக்கும். ஒன்றிரண்டு என்றால் பொறுக்கிப் போட்டுவிட்டு மூடிவிடுங்கள், பயமில்லை. ஏழெட்டுக்கு மேல் இருந்தால் பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். கடைக்காரர் சொன்னதை வாங்கி ஊற்ற வேண்டாம். கோடை மழை பெய்ததும் இதன் தாய் வண்டுகள் மண்ணைவிட்டு வெளிவந்து, இருட்டும் நேரத்தில் வேப்பமரத்தில் மொய்க்கும். அந்த மாலைகளில் கிளையை உலுக்கி, விழுகிற வண்டுகளைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் அடுத்த தலைமுறை குறையும்.

ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் புல்வெளி போல் எங்கள் வீட்டிலும் வேண்டும். அந்தப் புல் எங்கே கிடைக்கும்?
— வாசகி, மதுரை

ஊட்டியில் பரவலாகப் பார்ப்பது கிக்கியு புல், கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியைச் சேர்ந்தது. 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் அது கொழிக்கும். மதுரை அக்னி நட்சத்திரத்தில் அதைத் தவிக்கவிட வேண்டாம். உங்கள் ஊருக்கு அருகுதான். நாள் முழுக்க வெயில் விழும் இடம் என்றால் அதற்கு நிகரில்லை. ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை. நர்சரி வைத்திருக்கும் நானே சொல்கிறேன், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வாய்க்கால் ஓரத்தில் பொடி இலையாகப் பார்த்து நாலு கை கொண்டுவந்து, இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். புரட்டாசி கடைசியில் ஊன்றினால் மழையே வளர்த்துவிடும். ஆடு வராமல் வேலி மட்டும் போட்டுவிடுங்கள்.