விழுந்த மறுநாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜப்பானின் மாவோ அசாதா ஆடிய ஃபிகர் ஸ்கேட்டிங் காணொளியை அண்மையில் பார்த்தேன். சிறு வயது முதல் பனித்தளத்திலேயே வளர்ந்த ஒருவர், மூன்று நிமிடம்கூட நீடிக்காத முதல்நாள் ஆட்டத்தில் விழுந்து பதினாறாம் இடத்துக்குப் போய்விட்டார். ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அத்தனை ஆண்டு உழைப்பும் வீண்தானா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

வீண் இல்லை என்றே உறுதியாக நம்புகிறேன். நான் அப்படி நம்புவதற்குக் காரணம், சோச்சிக்கு நான்கு ஆண்டுகள் முன்பு அவர் எடுத்த ஒரு முடிவு.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் காற்றில் மூன்றரைச் சுற்று சுழலும் டிரிபிள் ஆக்செல் என்ற தாவலை மூன்று முறை செய்துகாட்டிய அசாதா, தங்கம் வென்ற தென்கொரியாவின் யூனா கிம்முக்கு 23 புள்ளிகள் பின்தங்கி வெள்ளி வென்றார். அடுத்த மாதமே டுரின் நகரில் உலகப் பட்டத்தையும் வென்றார். பத்தொன்பது வயதில் உலகின் முதலிடத்தில் இருந்த அவர், அதன்பிறகு தம் தாவல்களை அடிப்படையிலிருந்து மறுபடி கற்கத் தொடங்கினார். ஸ்கேட்டின் கத்தி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டு. லட்ஸ் என்ற தாவலை வெளிவிளிம்பிலிருந்து எழும்பிச் செய்யவேண்டும்; அசாதாவின் கால் எழும்பும் கணத்தில் உள்விளிம்புக்குச் சாய்ந்துவிடும். குழந்தைப் பருவம் முதல் உடம்பில் ஊறிய பழக்கத்தைப் பயிற்சியாளர் நொபுவோ சாத்தோவிடம் அவர் திருத்த முனைந்தபோது, பழையது கலைந்து புதியது கைகூடாத ஓர் இடைவெளியில் விழுந்துகொண்டே இருந்தார். 2010இல் ஜப்பானிலேயே நடந்த என்எச்கே கோப்பையில் எட்டாம் இடம், 2011 உலகப் போட்டியில் ஆறாம் இடம். அவ்வாண்டு டிசம்பரில் தாயையும் இழந்தார். அந்த மாதமே தேசியப் பட்டத்துக்கு ஆடி வென்றார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நீங்கள் கண்ட விழுதலுக்கு மறுநாள், பதக்க வாய்ப்பு ஏறத்தாழ முற்றிலும் போய்விட்ட நிலையில், முன்னணி வீராங்கனைகள் ஆடுவதற்கு வெகுநேரம் முன்பே அவர் தளத்தில் இறங்கினார். அந்த நான்கு நிமிடங்களில் எட்டு மும்முறைச் சுழற்சித் தாவல்கள் இருந்தன. மும்முறைச் சுழற்சியில் உள்ள ஆறு வகைகளையும் அவர் ஒரே ஆட்டத்தில் செய்தார். நடுவர்கள் சிலவற்றில் குறை கண்டபோதிலும், 142.71 என்பது அதுவரை அவர் எடுத்த மிகச் சிறந்த மதிப்பெண்ணாக அமைந்தது. இரண்டு நாள் மதிப்பெண்களையும் சேர்த்து மொத்தத்தில் ஆறாம் இடம். அடுத்த மாதம் சைத்தாமாவில் மூன்றாம் முறையாக உலகப் பட்டம் பெற்றார். 2017இல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

அந்த மறுநாள் ஆட்டத்தை ஒருமுறை பாருங்கள். முதலில் வருவதே டிரிபிள் ஆக்செல்தான். மற்றத் தாவல்கள் எல்லாம் பின்னோக்கிச் செல்கையில் எழும்புபவை; இது ஒன்றுதான் முன்னோக்கி எழும்புவது, ஆகவே மூன்றரைச் சுற்று வேண்டும். முந்தைய நாள் அவரைக் கீழே தள்ளியதும் இதே தாவல்தான். இடது காலின் வெளிவிளிம்பில் அவர் சாய்ந்து எழுவதையும், ஒரு விநாடிக்குள் வலது காலில் பின்னோக்கி இறங்கி, அந்தக் கால் தடுமாறாமல் வளைவாக வழுக்கிச் செல்வதையும் கவனியுங்கள்.